குழந்தைகளின் அறிவியல் படப் புத்தகங்கள்: எது பிழை, எது வரைபட வழக்கம்?

"உடம்புக்குள் ஓடும் ரத்தம் எங்கேயும் நீலமாக இருப்பதில்லை." "நாக்கின் நுனியில் மட்டும்தான் இனிப்புத் தெரியும் என்பது தவறு." "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை வருவதில்லை." இப்படிப்பட்ட திருத்தங்கள் அவ்வப்போது செய்தியாகவும் காணொளியாகவும் வருகின்றன. அதைப் பார்த்த பெற்றோர் வீட்டில் இருக்கும் படப் புத்தகத்தைப் புரட்டினால் நீல ரத்தக்குழாய், நாக்கு வரைபடம், முட்டை போல நீண்ட பூமியின் பாதை எல்லாமே அதில் இருக்கும். புத்தகம் தப்பா, அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

இந்த மூன்றும் ஒரே வகைத் தவறுகள் அல்ல. நாக்கு வரைபடம் உண்மையிலேயே பிழை. நீல நிறம் பிழை இல்லை, அது வரைபவர்களிடையே உள்ள ஒரு வழக்கம். அது வழக்கம்தான் என்று சொல்லாமல் விட்டதே அங்கே குறை. பூமியின் பாதை சாய்ந்த கோணத்தில் பார்த்த ஒரு வட்டம். கோணத்தைச் சொல்லாததால் அது நீள்வட்டமாகப் படிக்கப்படுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், ஒரு புத்தகத்தை எப்படி மதிப்பிடுவது என்பதும் பிடிபடும்.

படம் என்ன வேலை செய்கிறது

கதைப் புத்தகத்தில் எழுத்து கதை சொல்கிறது, படம் கூட வருகிறது. இயற்கை, பருவகாலம், உடல் பற்றிய புத்தகத்தில் பெரும்பாலும் இது தலைகீழ். பல்லின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதை நாலு வரியில் எழுதிப் புரிய வைக்க முடியாது; படம்தான் விளக்கம். அதுவும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் குழந்தை படிப்பது படத்தை மட்டுமே. பெரியவர் வாசித்துக் காட்டும் வரிகள் காதில் விழுந்துகொண்டிருக்க, கண் படத்தில் வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும்.

இந்தப் புத்தகங்களில் நாலு வகைப் படங்கள் கலந்து வரும்.

1. தோற்றப் படம். ஒரு பறவை, ஒரு இலை, ஒரு காளான். கண்ணால் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

2. வெட்டுப் படம். விதையின் உள்ளே, பல்லின் உள்ளே, தோலின் அடுக்குகள், மண்ணுக்கு அடியில் உள்ள வேர். யாரும் இப்படி நேரில் பார்ப்பதில்லை.

3. வரிசைப் படம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி நாலும் ஒரே பக்கத்தில். காலத்தை இடமாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

4. உறவுப் படம். அம்புக்குறிகள் நிறைந்த நீர்ச்சுழற்சி, உணவுச்சங்கிலி, ரத்த ஓட்டம்.

பள்ளிக்கூடம் போன பெரியவர்களுக்கு இந்த நாலையும் பிரித்துப் படிப்பது கை வந்த பழக்கம். குழந்தைக்கு அப்படி இல்லை. எல்லாப் படமும் முதல் வகைதான் என்று எடுத்துக்கொண்டு படிப்பதுதான் அந்த வயதில் நியாயமானது. அப்படிப் படித்தால் கையில் பாதி குழாய் நீலம், பாதி சிவப்பு. பூமிக்கு நடுவே ஒரு கம்பி குத்தியிருக்கிறது. ஒரே கிளையில் முட்டையும் புழுவும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே நேரத்தில் குடியிருக்கின்றன. நான் இந்தக் கட்டுரையில் குறையாகச் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

மேலே சொன்ன உத்திகள் எதுவும் புதிதல்ல. 1658-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் வெளியிட்ட படப் பாடநூல், 150 இயல்களில் உலகத்தை மரச்செதுக்குப் படங்களாகக் காட்டியது. படத்தில் உள்ள பொருளுக்கு ஒரு எண், எழுத்திலும் அதே எண். இன்றைக்கும் உடல் புத்தகங்களில் பாகங்களைச் சுட்டுவது ஏறக்குறைய இதே முறைதான். வெசாலியஸ் என்ற உடற்கூற்றியலாளர் 1543-இல் வெளியிட்ட உடற்கூற்று நூல்களில் ஒன்றில், உள்ளுறுப்புகளை வெட்டி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படியான தாள்கள் இருந்தன. இன்றைய திறந்து பார்க்கும் மடிப்புத் தாள்களின் மூதாதை அது. மரியா சிபில்லா மெரியான் என்ற ஓவியர் 1705-இல் தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டுப் பூச்சிகளைப் பற்றி வெளியிட்ட நூலில், ஒரு பூச்சியின் எல்லா வளர்நிலைகளையும் அது தின்னும் செடியோடு சேர்த்தே ஒரே படத்தில் வரைந்தார். அதற்கு முன்பு பூச்சிகளைத் தனித்தனியாகக் குத்தி வைத்த மாதிரிதான் பெரும்பாலும் வரைந்தார்கள். செடியோடு சேர்த்து வரைந்ததாலேயே, எந்தப் புழு எதைத் தின்று எதுவாக மாறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது.

பருவகாலப் படம்: அதிகம் தவறாகப் படிக்கப்படும் பக்கம்

சூரியன் நடுவில், சுற்றிலும் நாலு இடத்தில் பூமி, அவற்றை இணைக்கும் நீண்ட வளையம். பருவகாலப் புத்தகம் என்றால் இந்தப் படம் இருக்கும். இதைப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது: வளையத்தின் சில இடங்களில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது, சில இடங்களில் தள்ளி இருக்கிறது, அருகில் இருந்தால் வெயில், தள்ளி இருந்தால் குளிர்.

உண்மையான கணக்கு இது. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, அப்போது தூரம் சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.21 கோடி கிலோமீட்டர். வடகோளத்தில் குளிர்காலம் நடக்கும்போதுதான் பூமி மிக அருகில் இருக்கிறது! வேறுபாடு மொத்தத்தில் மூன்று சதவீதம் அளவுதான்.

இந்தப் பாதையைச் சரியான விகிதத்தில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால், அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு 0.014 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் இதைவிட அதிகம். அதாவது, வரைந்து காட்டினால் அது வட்டம்தான். சூரியன் நடுமையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒதுங்கி இருக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஏன் முட்டை வடிவம்? ஓவியர் அந்த வட்டத்தை மேலிருந்து நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறார். பூமியின் சாய்வைக் காட்ட வேண்டுமானால் பக்கவாட்டிலிருந்துதான் காட்ட முடியும். காரணம் நல்ல காரணம். ஆனால் பல புத்தகங்களில் "இது சாய்வாகப் பார்த்த வட்டம்" என்று ஒரு வரி கூட இருக்காது.

இதன் விளைவு சிறியதல்ல. 1987-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர் என்று 23 பேரிடம், பருவகாலம் ஏன் மாறுகிறது அல்லது நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்று படக்கருவி முன் கேட்டார்கள். 21 பேரின் விளக்கத்தில் தவறான கருத்து இருந்தது. படித்தவர்கள்தான், அறிவியல் பாடம் எடுத்தவர்களும் அதில் உண்டு. சிறு வயதில் பார்த்த படம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்ற அனுபவமும் அதே திசையில்தான் தள்ளுகிறது. அந்த அனுபவத்துக்கு எதிராக நிற்க வேண்டிய படம், அதற்கே துணை போகிறது என்பதுதான் என் குறை.

சரி, உண்மைக் காரணம் என்ன? பூமியின் சுழல் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த திசை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாது. அதனால் ஆண்டின் ஒரு பாதியில் வடகோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும், மறு பாதியில் தென்கோளம். சூரியனை நோக்கிச் சாய்ந்த பகுதிக்கு இரண்டு விஷயம் நடக்கிறது.

1. வெளிச்சம் கூடுதல் செங்குத்தாக விழுகிறது. தலைக்கு நேர் மேலே இருக்கும் சூரியனின் ஒரு சதுர மீட்டர் வெளிச்சம் தரையில் ஒரு சதுர மீட்டரில் விழும். சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால் அதே வெளிச்சம் இரண்டு சதுர மீட்டருக்குப் பரவிவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் பாதிதான் கிடைக்கும். டார்ச் விளக்கைத் தாளின் மேல் நேராகவும் சாய்த்தும் அடித்துக் காட்டினால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரிந்துவிடும்.

2. பகல் நீள்கிறது. வெளிச்சம் அதிக நேரம் விழுகிறது.

இங்கே இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. "சூரியனை நோக்கிச் சாய்வதால் அந்தப் பகுதி அருகில் வந்துவிடுகிறது, அதனால் சூடு" என்று சில புத்தகங்களே எழுதுகின்றன. சாய்வால் குறையும் தூரம் சில ஆயிரம் கிலோமீட்டர். 15 கோடியில் சில ஆயிரம் எதையும் சூடாக்காது. சாய்வு என்ற சரியான சொல்லை வைத்துக்கொண்டு, தூரம் என்ற பழைய விளக்கத்தையே மறுபடி சொல்வது இது.

படத்தில் சரிபார்க்க எளிய வழி உண்டு. நாலு பூமியிலும் அச்சுக்கோட்டைப் பாருங்கள். நாலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். எல்லாப் பூமியும் சூரியனைப் பார்த்துத் தலை சாய்த்திருந்தால் படம் தவறு. அப்படி நடந்தால் வடகோளத்தில் ஆண்டு முழுவதும் கோடையாகத்தான் இருக்கும்.

அளவுவிகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பூமியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரைந்தால் சூரியன் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில், சுமார் 117 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இது முடியாது. அதனால் அளவைச் சுருக்குவதில் தவறே இல்லை. "இந்தப் படம் அளவுப்படி வரையப்பட்டதல்ல" என்ற சிறு குறிப்பு இருந்தால் போதும்.

நாலு பருவம் யாருக்கு?

பூத்த மரம், பச்சை மரம், பழுத்த இலை மரம், பனி மூடிய மொட்டை மரம். நான்கு பருவங்களுக்கான இந்த அடையாளம் மிதவெப்ப நாடுகளுக்குப் பொருந்தும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகல் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது, மழைதான் ஆண்டைப் பிரிக்கும். பழைய எகிப்தியர் வெள்ளம், விளைச்சல், அறுவடை என மூன்றாகப் பிரித்தார்கள். தமிழ் மரபில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு. ஆஸ்திரேலியாவின் வடக்கே காக்கடு பகுதியின் தொல்குடி மக்களும் ஆறு பருவங்களைக் கணக்கிடுகிறார்கள்.

பூமியின் சாய்வு இயற்கை. ஆண்டை எத்தனை துண்டாக வெட்டுவது என்பது மனிதர் முடிவு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் குழந்தைப் புத்தகங்கள் குறைவு. வெப்ப மண்டலத்துக் குழந்தை ஒன்று பனி மனிதனின் படத்தைப் பார்த்து, தன் ஊரில் ஏதோ ஒரு பருவம் வராமலே போய்விட்டது என்று நினைக்க இடம் கொடுக்கக் கூடாது.

உடல் புத்தகங்கள்

நீலமும் சிவப்பும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கரும் சிவப்பு. நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. தோலுக்கு வெளியே பார்க்கும்போது சிரைகள் (இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் குழாய்கள்) நீலமாகத் தெரிவது, ஒளி தோலுக்குள் சென்று சிதறித் திரும்பும் விதத்தால். படத்தில் நீலம் போடுவது ஓட்டத்தின் திசையைப் பிரித்துக் காட்ட உதவும் நல்ல வழக்கம். ஆனால் இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயான தமனியையும் சேர்த்து "தமனி சிவப்பு, சிரை நீலம்" என்று மனப்பாடம் செய்தால் நுரையீரலில் மாட்டிக்கொள்வோம். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், அதனால் அங்கே தமனிக்கு நீலம். திரும்பி வரும் சிரைக்குச் சிவப்பு. நிறம் குழாயின் பெயரைக் குறிப்பதல்ல, உள்ளே ஓடும் ரத்தத்தின் நிலையைக் குறிப்பது என்று சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடமும் வலமும். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். ஆகவே அவருடைய வலது பக்கத்தில் உள்ள கல்லீரல் நம் இடது கைப் பக்கம் தெரியும். குழந்தை அந்தப் பக்கத்தைத் தன் உடம்பின் மேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும். இதயமும் அப்படி ஒரேயடியாக இடது பக்கத்தில் இல்லை. மார்பின் நடுவில், இரண்டு நுரையீரல்களுக்கு இடையே, பெரும்பகுதி இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. இரைப்பை தொப்புளுக்குப் பின்னால் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி அதற்கு மேலே, இடப்பக்க விலாவின் கீழ்ப் பகுதியை ஒட்டி இருக்கிறது.

வெற்றிடம். உறுப்புகளைத் தனித்தனியாகப் பளிச்சென்ற நிறத்தில் வரைந்து நடுவில் வெள்ளையாக விட்டிருப்பார்கள். உண்மையில் உள்ளே அப்படி இடமே கிடையாது. ஒன்றோடொன்று நெருங்கி, ஒன்றின் வடிவத்துக்கு இன்னொன்று வளைந்து கொடுத்து இருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே உள்ள தசைத் தகடு) கீழே இறங்க, வயிற்று உறுப்புகள் தள்ளப்பட்டு வயிறு முன்னே வருவது இதனால்தான். வெற்றிடம் விட்டு வரைந்த படத்திலிருந்து இதை ஊகிக்கவே முடியாது.

யாருடைய எலும்புக்கூடு? 206 எலும்புகள் என்று எழுதியிருக்கும். அது வளர்ந்தவரின் கணக்கு. பிறக்கும்போது சுமார் 300 துண்டுகள் இருக்கும். பல பின்னால் ஒன்று சேர்ந்துவிடும். மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான், அவை ஒவ்வொன்றாக எலும்பாக மாற ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். அதாவது புத்தகத்தைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கையின் எலும்பமைப்பு, அந்தப் பக்கத்தில் வரைந்துள்ளதைப் போல இல்லை. குழந்தைக்கு அதன் உடம்பைப் பற்றியே சொல்லும் புத்தகத்தில் இந்தச் செய்தி விடுபடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குழந்தைகள் கண்கள் விரியக் கேட்கும் விஷயம் இது.

நாக்கு வரைபடம். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் விளிம்பில் சுவைகளுக்கான கூர்மை இடத்துக்கு இடம் சற்று மாறுவதாக அளந்தார். 1942-இல் போரிங் என்ற உளவியலாளரின் நூலில் அது ஒரு வரைகோடாக மாற்றி வரையப்பட்டது. அதைப் பார்த்தவர்கள் "இங்கே குறைவு" என்பதை "இங்கே இல்லை" என்று எடுத்துக்கொண்டார்கள். 1974-இல் காலிங்ஸ் என்ற ஆய்வாளர் மறுபடி சோதித்தபோது வேறுபாடு மிகச் சிறியது என்று தெரிந்தது. சுவை மொட்டுகள் இருக்கும் எல்லாப் பகுதியிலும் எல்லாச் சுவையும் தெரியும். இது வழக்கம் என்று சொல்லிக் காப்பாற்ற முடியாத பிழை. கரும்பு வேண்டாம், கொஞ்சம் உப்பை நாக்கின் நாலு இடத்தில் வைத்தாலே புத்தகத்தைச் சோதித்துவிடலாம்.

தொழிற்சாலைப் படம். 1926-இல் ஃபிரிட்ஸ் கான் என்ற ஜெர்மானிய மருத்துவர் மனித உடலை ஒரு தொழிற்சாலையாகக் காட்டும் சுவரொட்டியை வெளியிட்டார். மூளையில் அலுவலர்கள், குழாய்களில் தொழிலாளர்கள். அதன் சாயல் இன்றும் குழந்தைப் புத்தகங்களில் தொடர்கிறது. பார்க்க மிகவும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் "உள்ளே யாரோ உட்கார்ந்து ஆணையிடுகிறார்" என்ற எண்ணத்தை அது விட்டுச் செல்கிறது. இதயம் துடிக்க மூளையின் ஆணைக்காகக் காத்திருப்பதில்லை. அதற்குள்ளேயே துடிப்பைத் தொடங்கும் திசு இருக்கிறது. மாற்று அறுவையில் நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்டு வேறு உடலில் பொருத்தப்பட்ட இதயமும் அதனால்தான் துடிக்கிறது.

விடுபட்ட பாகங்கள். பல புத்தகங்களில் செரிமான மண்டலம் பெருங்குடலோடு நின்றுவிடும். பிறப்புறுப்புகள் இடத்தில் ஒரு வழுவழுப்பான வெறுமை. கூச்சம் பெரியவர்களுடையது, விலை கொடுப்பது குழந்தை. தன் உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் சரியான பெயர் தெரிந்த குழந்தையால்தான் வலியையும், யாராவது தவறாகத் தொட்டதையும் தெளிவாகச் சொல்ல முடியும். வயதுக்கேற்ற அளவில் இவற்றைக் காட்டாத உடல் புத்தகத்தை முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன்.

அம்புக்குறி எதைச் சொல்கிறது

இயற்கைப் புத்தகங்களில் நிறம், அளவு ஆகியவற்றைவிட அம்புக்குறியே அதிகம் குழப்புகிறது. "புல் → வெட்டுக்கிளி → தவளை" என்ற உணவுச்சங்கிலியில் அம்பு, உணவின் ஆற்றல் போகும் திசையைக் காட்டுகிறது. குழந்தையோ "யார் யாரைத் தின்கிறார்" என்று படிக்கிறது. அப்படிப் பார்த்தால் புல் வெட்டுக்கிளியைத் தின்ன வேண்டும். அடுத்த பக்கத்தில் அதே அம்பு "இது அதுவாக மாறுகிறது" என்ற பொருளில் வரும், அதற்கடுத்த பக்கத்தில் "தண்ணீர் இங்கிருந்து அங்கே போகிறது" என்று வரும். ஒரே குறி, மூன்று பொருள்.

நீர்ச்சுழற்சிப் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலிலிருந்து ஆவி, மேகம், மலையில் மழை, ஆறு, மறுபடி கடல். அழகாக ஒரு சுற்று. உண்மையில் கடலிலிருந்து ஆவியாகும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு மறுபடி கடலிலேயே மழையாக விழுகிறது. அந்த அம்பு பெரும்பாலான படங்களில் இல்லை, அல்லது மெலிதாக இருக்கும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளின் பாடநூல்கள், அறிவியல் இதழ்கள், இணையம் ஆகியவற்றிலிருந்து 450-க்கும் மேற்பட்ட நீர்ச்சுழற்சிப் படங்களை எடுத்துப் பார்த்தது. மனிதர்கள் நீரைப் பயன்படுத்துவதைக் காட்டியவை 15 சதவீதம் மட்டுமே. அணை, ஆழ்துளைக் கிணறு, பாசனம், கழிவுநீர் எதுவும் இல்லாத ஓர் உலகம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தன் நீர்ச்சுழற்சிப் படத்தை 2022-இல் மாற்றி, இவற்றையும் சேர்த்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் இருப்பது பெரும்பாலும் மனிதரில்லாத பழைய சுற்றுதான்.

சிறு பிழைகள் சில. மழைத்துளி கண்ணீர்த் துளி வடிவில் விழுவதில்லை. சிறிய துளி உருண்டை, பெரியது அடியில் தட்டையாகும். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பெரும்பாலும் பட்டுக்கூட்டுக்குள் இருப்பதில்லை, வெறும் கடினத் தோலோடு தொங்கும். பட்டுக்கூடு பல அந்துப்பூச்சிகளின் வழக்கம். இலையுதிர் காலத்தில் மஞ்சள் புதிதாக வருவதில்லை, பச்சையம் சிதைந்ததும் ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளிப்படுகிறது. சிவப்பை மட்டும் பல மரங்கள் அப்போது புதிதாக உருவாக்குகின்றன.

இந்தப் படங்கள் ஏன் இப்படியே தொடர்கின்றன

ஓவியருக்குத் தெரியாமல் போவது ஒரு காரணம்தான். பெரிய காரணங்கள் அச்சகத்திலும் பதிப்பகத்திலும் இருக்கின்றன.

1. பக்கக் கணக்கு. ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதியான ஒரு ஃபாரம் என்பது பொதுவாக 16 பக்கம். படப் புத்தகம் பெரும்பாலும் இரண்டு ஃபாரம், 32 பக்கம். தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக இரட்டைப்பக்கங்கள் ஒரு டஜனை ஒட்டி மிஞ்சும். எலும்புக்கு ஒன்று, தசைக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று என்று பங்கு போட்டாயிற்று. எலும்பின் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உருவாகின்றன என்று சொல்ல இரண்டு இரட்டைப்பக்கத்துக்கும் நடுவில் இடமில்லை. உடல் தனித்தனி மண்டலங்களாகத் தெரிவதற்கு இந்தப் பங்கீடும் காரணம்.

2. கூட்டு அச்சு. பல வண்ணப் படப் புத்தகத்தை அச்சிடச் செலவு அதிகம். அதனால் பல மொழிப் பதிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து அச்சிடுவார்கள். படத்துக்கான வண்ணத் தகடுகள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்துக்கான கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். பனி பெய்யும் நாட்டில் வரைந்த நாலு மரங்கள், பனியே பார்க்காத நாட்டின் மொழியில் பெயர் தாங்கி வருவது இப்படித்தான். எழுத்தைத் திருத்தலாம், படத்தைத் திருத்த முடியாது.

3. முந்தைய புத்தகத்தைப் பார்த்து வரைதல். புது ஓவியர் ஆய்வுக் கட்டுரையைத் தேடுவதைவிட முன்னால் வந்த படத்தைப் பார்ப்பது எளிது. நாக்கு வரைபடம் உயிரோடு இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

4. அறிவு மாறும் வேகம். 1996-இல் சீனாவில் மெல்லிறகு கொண்ட சைனோசாராப்டெரிக்ஸ் என்ற டைனோசர் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய டைனோசர் படங்கள் பெரும்பாலும் செதிலோடுதான் இருந்தன. உடலில் நம் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா என்று நெடுங்காலம் எழுதினார்கள். 2016-இல் வெளியான மறுகணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாவும் 30 லட்சம் கோடி மனித செல்களும் என்று வந்தது.

பேசும் விலங்கும் திறக்கும் மடிப்பும்

புத்தகத்தைக் குழந்தைக்குப் பிடித்தமாக்கச் செய்யும் இரண்டு உத்திகளைப் பற்றி ஆய்வுகள் உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத விலங்குகளைப் பற்றி இரு விதமாகப் படித்துக் காட்டினார்கள். விலங்கு மனிதரைப் போலப் பேசி, உணர்வதாக எழுதிய புத்தகத்தைக் கேட்டவர்கள், உண்மையான விலங்குக்கும் மனித இயல்புகளை ஏற்றிச் சொன்னார்கள். விலங்கைப் பற்றிய தகவலைக் குறைவாகக் கற்றார்கள். கதைக்குப் பேசும் முயல் வேண்டும்தான். முயல் என்ன தின்னும் என்று சொல்லும் புத்தகத்தில் அதற்குச் சட்டை போடத் தேவையில்லை.

2010-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றியது. இழுக்கும், திறக்கும் பகுதிகள் நிறைந்த புத்தகத்திலிருந்து அவர்கள் கற்றது, சாதாரணப் படங்கள் உள்ள புத்தகத்திலிருந்து கற்றதைவிடக் குறைவு. கவனம் மடிப்பில் போய்விடுகிறது. இதை வைத்து எல்லா மடிப்பையும் ஒதுக்க வேண்டியதில்லை. தோலைத் திறந்தால் தசை, தசையைத் திறந்தால் எலும்பு என்று காட்டும் மடிப்பு, எது எதன் கீழே இருக்கிறது என்பதையே கற்பிக்கிறது. மரத்தின் பின்னால் ஒளிந்த அணிலைக் காட்டும் மடிப்பு விளையாட்டு மட்டும்தான்.

வாங்கும்போதும் படிக்கும்போதும்

1. பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். முதல் பதிப்பின் ஆண்டு, துறை ஆலோசகரின் பெயர் இரண்டும் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆலோசகர் பெயரே இல்லாத உடல் புத்தகத்தைக் கூடுதல் கவனத்தோடு புரட்ட வேண்டும்.

2. ஒரே ஒரு பக்கத்தைச் சோதிக்க நேரம் இருந்தால் பருவகாலப் படத்தில் அச்சுக்கோடுகளையும், உடல் படத்தில் நுரையீரலுக்குப் போகும் குழாயின் நிறத்தையும் பாருங்கள். இவை சரியாக இருக்கும் புத்தகத்தில் யாரோ ஒருவர் அக்கறையோடு சரிபார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

3. அளவுக்கு ஒரு துணை இருக்கிறதா? எறும்பும் யானையும் ஒரே பக்கத்தில் ஒரே அளவில் இருந்தால், பக்கத்தில் ஒரு கையோ "உண்மை அளவு" என்ற குறிப்போ வேண்டும்.

4. அம்பின் மேல் விரலை வைத்து, "இது என்ன சொல்லுது?" என்று குழந்தையிடமே கேளுங்கள். அது சொல்லும் பதிலில் தெரிவது எந்த விமர்சனத்திலும் தெரியாது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பள்ளிக் குழந்தைகளிடம் பூமியின் வடிவத்தைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். "உருண்டை" என்று சரியாகச் சொன்ன சிலர், அடுத்தடுத்த கேள்விகளில், நாம் அந்த உருண்டையின் உள்ளே தட்டையான தரையில் நிற்பதாக விளக்கினார்கள். "உருண்டை" என்ற பதிலோடு நிறுத்தியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

5. ஒரே பொருளைப் பற்றி இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நரம்பு மஞ்சள், இன்னொன்றில் வெள்ளை என்றால், நிறம் ஓவியர் தேர்ந்தெடுத்தது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

6. பிழையுள்ள புத்தகத்தை எறிய வேண்டாம். நாக்கு வரைபடம் உள்ள பக்கத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, உப்புச் சோதனையில் குழந்தை கண்டதையும் தேதியையும் அதன் கையாலேயே எழுத வைக்கலாம். நாலு பருவ மரங்களுக்கு எதிரே, தன் வீட்டு வாசலில் உள்ள மரத்தை மாதம் ஒருமுறை வரைந்து ஒட்டச் சொல்லலாம். பன்னிரண்டு படம் சேர்ந்த பிறகு புத்தகத்தின் மரமும் தன் மரமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே ஒத்துப்போகவில்லை என்று அது காட்டிவிடும்.